சொல்லைச் சுமந்த குரல்

இயல், இசை, நாடகம் என்று தமிழை மூன்றாகப் பகுத்த நம் முன்னோர், மூன்றையும் ஒரு மேடையில் கூட்டிக் காட்டிய பெண்ணுக்கு ஒரு பெயரும் வைத்திருந்தனர். விறலி என்பது அப்பெயர். ஆடியும் பாடியும் உள்ளத்து உணர்வை மெய்ப்பாட்டால் வெளிப்படுத்தியும் அவையை வயப்படுத்தியவள் அவள். சங்க காலத்துக்குப் பின் அச்சொல் வழக்கொழிந்தது, கலை ஒழியவில்லை. ஐரோப்பியர் இதற்கு ஒப்பான ஒரு கலையைத் தம் மரபில் வளர்த்து ஓபரா என்று பெயரிட்டனர். செருமனியில் அக்கலைக்கு மன்னர்களும் நகர அவைகளும் மாளிகைகள் எழுப்பினர். நம் நாட்டில் அது கீற்றுக் கொட்டகையில் வளர்ந்தது. ஒலிபெருக்கி வாராத காலத்தில், கொட்டகையின் கடைசி வரிசையில் மணல் மேல் அமர்ந்திருந்தவன் செவிக்கும் சொல் சிதையாமல் போய்ச் சேரும்படி பாடிய மரபு அது. அம்மரபின் தலையாய பெண்குரல் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரது குரல் என்பது நம் துணிபு.

இக்குரலை அறியாத தமிழ்க்குடும்பம் டிராம்பேயில் இராது. அணுசக்தி நகரின் அடுக்குமாடிகளிலும் சரி, 1976இல் ஜனதா காலனியிலிருந்து பெயர்க்கப்பட்ட மக்கள் குடியேறிய சீட்டா கேம்ப்பின் சந்துகளிலும் சரி, ஆடி மாதம் பிறந்தால் கோயில் ஒலிபெருக்கிகள் இக்குரலைத்தான் வைகறையில் எழுப்புகின்றன. நம் பிள்ளைகள் அதனைக் 'கோயில் பாட்டு' என்று சொல்லிவிட்டு மறுபக்கம் புரண்டு படுக்கின்றனர். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. மணியோசைபோல், தாரை தப்பட்டைபோல், அக்குரலும் திருவிழாவின் ஒலிகளுள் ஒன்றாகிவிட்டது. பெரியவர்களாகிய நாமோ அம்மையாரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இரண்டு செய்திகளோடு நிறுத்திக்கொள்கிறோம். ஒன்று, அவருடைய முருக பக்தி. மற்றொன்று, கிட்டப்பாவின் மறைவுக்குப்பின் அவர் பூண்ட வெள்ளாடை. இரண்டும் போற்றத்தக்கனவே. ஆயினும் பக்தைக்கும் கைம்பெண்ணுக்கும் நடுவே கலைஞர் காணாமற் போய்விட்டார் என்பதே நம் வருத்தம். அவரைப் பாடகியாகவும் நடிகையாகவும் நிறுத்தி எடைபோட வேண்டிய கடன் நமக்கு இன்னும் தீரவில்லை.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1908ஆம் ஆண்டு காவிரிக்கரையில் உள்ள கொடுமுடியில் பிறந்தார். தாயார் பெயர் பாலாம்பாள். அப்பெயரின் முதலெழுத்தே ஊர்ப் பெயரை அடுத்து அம்மையாரின் பெயருக்கு முன் நிற்கிறது. வறுமை மிகுந்த குடும்பம். ஓடும் இரயிலில் பாடிக்கொண்டிருந்த சிறுமியின் குரலைக் கேட்டு வியந்தவர்கள் அவரை நாடக உலகுக்குக் கொண்டுவந்தனர் என்று வரலாறு எழுதியோர் கூறுவர். வேலு நாயர் குழுவில் சேர்ந்த அவருக்கு முதலில் கிடைத்தது 'நல்லதங்காள்' நாடகத்தில் பசியால் வாடும் பிள்ளையின் வேடம். பசியை நடிப்பதற்கு அச்சிறுமி எங்கும் போய்ப் பயில வேண்டியதில்லை. பின்னர் இலங்கை சென்றார். அங்குள்ள தமிழர் அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினர். 1926இல் கொழும்பில், செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவுடன் சேர்ந்து நடிக்கும் வாய்ப்பு வந்தது. மறு ஆண்டே இருவரும் மணம் புரிந்துகொண்டனர். 1933 டிசம்பர் 2ஆம் நாள் கிட்டப்பா தம் இருபத்தேழாம் வயதில் மறைந்தார்.

இருவரும் இணைந்து நடித்த காலம் மிகச் சில ஆண்டுகளே. ஆயினும் தமிழ் நாடக மேடையில் அக்காலம் பேசப்படுவதற்குக் காரணம் வெறும் காதற்கதை அன்று. இசைத்துறையில் அதற்குத் தக்க காரணம் உண்டு. ஐரோப்பிய ஓபராவில் ஆண்குரலும் பெண்குரலும் பெரும்பாலும் வெவ்வேறு நிலைகளில் இயங்கும். தமிழ் மேடையில் ஒரே ஆர்மோனியம், ஒரே சுருதி. ஆண் நடிகன் பெண்ணின் சுருதிக்கு ஏறிப் பாட வேண்டும். கிட்டப்பா ஐந்து கட்டையை ஒட்டிய சுருதியில், சிரமத்தின் சாயலே இன்றிப் பாடக்கூடியவர். அவர் எழுப்பிய அடியை அதே இடத்தில் வாங்கி, அதே உச்சத்தில் விடை சொல்லக்கூடிய பெண்குரல் சுந்தராம்பாளுடையது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய 'வள்ளி திருமணம்' வேடனுக்கும் குறத்திக்கும் நடக்கும் சொற்போராக அமைந்த நாடகம். சொற்போருக்கு இருவரும் நிகராக இருக்க வேண்டும் அல்லவா? ஒருவர் தாழ்ந்தால் வாதம் சப்பென்றாகிவிடும். அந்த நாடகம் தனக்குரிய இருவரை அவர்களிடம் கண்டது.

இனி அக்குரலின் தன்மையைச் சற்று நின்று நோக்குவோம். இதற்கு ஒரு செருமானியப் பாடகியின் வரலாறு நமக்குத் துணை செய்கிறது. வில்ஹெல்மின் ஷ்ரோடர் டெவ்ரியன்ட் என்பது அவர் பெயர். 1804இல் ஹாம்பர்க் நகரில் பிறந்து 1860இல் மறைந்தவர். தாயார் பெயர்பெற்ற நடிகை; தந்தையார் பாடகர். இளமையிலேயே மேடையேறி, நாடக நடிகையாக நடித்த பிறகே ஓபராவுக்கு வந்தவர். 1822இல் வியன்னாவில் பீத்தோவனின் 'ஃபிடெலியோ'வில், சிறைப்பட்ட கணவனை மீட்க ஆணுடை பூண்டு செல்லும் லியோனோராவாகத் தோன்றிப் புகழ்பெற்றார். பின்னர் டிரெஸ்டன் நகரில் வாக்னரின் 'ரியன்ஸி', 'பறக்கும் டச்சுக்காரன்', 'டான்ஹாய்சர்' ஆகிய மூன்று ஓபராக்களும் 1842 முதல் 1845 வரையிலான காலத்தில் முதன்முதல் அரங்கேறியபோது அவற்றின் பாத்திரங்களை ஏற்றவர் அவரே. 1849ஆம் ஆண்டு டிரெஸ்டன் கிளர்ச்சியில் மக்கள் பக்கம் நின்று அதற்காக வழக்கையும் சந்தித்தார்.

அவரைப் பற்றி அந்நாட்டார் செய்த வாதம் நமக்குச் சுவையானது. அவருடைய குரல் மாசற்றதன்று என்பதை அவரை நேசித்தவர்களே ஒப்பினர். வாக்னர் அதைப் பொருட்படுத்தவில்லை. 'ஃபிடெலியோ'வின் உச்சக் காட்சியில் பகைவனை நோக்கிச் சாவைக் குறிக்கும் ஒரு சொல்லை அவர் ஏறத்தாழப் பாடாமல் பேசியே விடுவார் என்றும், அந்த ஒரு கணத்தில் இசை உலகிலிருந்து வெட்ட வெளியான மெய்ம்மை உலகுக்குத் தாம் தூக்கி எறியப்பட்டதாக உணர்ந்ததாகவும் அவர் எழுதிவைத்தார். பிரெஞ்சு இசைமேதை பெர்லியோஸுக்கோ இது அறவே பிடிக்கவில்லை. ஓபராவில் பேசுவது, சோக நாடகத்தில் பாடுவதைக் காட்டிலும் பெருங்குற்றம் என்பது அவர் கட்சி. சொல் முந்தியா, சுரம் முந்தியா என்ற இவ்வழக்கு அங்கே இரண்டு பேரறிஞர்களின் எழுத்தில் நடந்தது. தீர்ப்பு எப்பக்கமாயினும் ஆகுக. வழக்கு நடந்ததால் அப்பாடகி வாழ்கிறார். எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டது 1877இல். அப்பாடகியின் ஒரு மூச்சுக்கூட நமக்குக் கிடைக்க வழியில்லை. ஆயினும் அவர் ஒரு சொல்லை எவ்வாறு சொன்னார் என்பதைக் கடல் கடந்து, நூற்றெழுபது ஆண்டுகள் கடந்து, டிராம்பேயில் இருக்கும் நாம் அறிகிறோம். சுந்தராம்பாளுக்கு ஒலித்தட்டுகள் உண்டு, திரைப்படங்கள் உண்டு, வாழ்க்கை வரலாறுகளும் உண்டு. அவர் ஒரு சொல்லை எவ்வாறு சொன்னார் என்று ஆராய்ந்த எழுத்துத்தான் மிக அரிது.

அவர் விருத்தம் பாடும் முறையைச் சான்றாகக் கொள்வோம். விருத்தத்துக்குத் தாளக்கட்டு இல்லை. பாடுவோர் இராகத்தை விரும்பியவாறு நீட்டலாம், குறுக்கலாம். கச்சேரி மேடையில் வல்லவர் பலர் விருத்தம் பாடக் கேட்டிருக்கிறோம். இராகம் அங்கே அரசன். சொல் அவனுக்குக் குடைபிடித்து நடக்கும். எந்த எழுத்தில் கமகம் நன்றாக விழுமோ அங்கே சொல் நிற்கும். அதன் எஞ்சிய பாதி இராகம் ஒரு சுற்று சுற்றி வந்த பிறகே வெளிவரும். அம்மையாரின் விருத்தத்தில் இம்முறை தலைகீழ். சீர் முடியும் இடத்தில்தான் அவர் மூச்சு முடியும். ஒரு சொல் முழுமையாக அவையில் இறங்கிய பின்னரே அதன் இறுதி எழுத்திலிருந்து இராகம் கிளம்பும். இடையில் வெட்டுவதில்லை. ழகரமும் றகரமும் எவ்வளவு விரைவான பிடியிலும் மழுங்குவதில்லை. ஒற்றெழுத்துகளை அவர் அழுத்தும் அழுத்தத்தில் வல்லினம் வல்லினமாகவே ஒலிக்கும். அதனை நயமின்மை என்று சிலர் கருதக்கூடும். கொட்டகையின் கடைசி வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் அது நயமின்மை ஆகாது, தேவை என்பது விளங்கும்.

இங்கே ஓபராவுக்கும் நம் மேடைக்கும் உள்ள ஒரு வேற்றுமையைச் சுட்டுவது பொருந்தும். இரண்டு மரபும் ஒலிபெருக்கியை நம்பாதவை. ஐரோப்பியப் பாடகர் அறுபது எழுபது கருவிகள் ஒருங்கே முழங்கும் கூட்டிசையைத் தாண்டித் தம் குரலைக் கேட்பிக்க வேண்டும். அதற்காகத் தொண்டையின் உட்புழையை ஒரு வகையாக விரித்து, கருவிகளின் ஒலி குன்றியிருக்கும் மூவாயிரம் அதிர்வை ஒட்டிய பகுதியில் குரலுக்கு ஒரு கூர்மை ஏற்றிக்கொள்கின்றனர் என்று ஒலிநூலார் கண்டுள்ளனர். பெண்பாடகர் மிக உயர்ந்த சுரங்களுக்கு ஏறும்போது அகரம், இகரம், எகரம் என்ற வேறுபாடு தேய்ந்துபோகும். அது உடற்கூற்றின் விதி, பாடுவோர் குற்றமன்று. நம் மேடையில் கருவிகள் ஆர்மோனியமும் மிருதங்கமும் இன்னும் ஒன்றிரண்டுமே. பாடுவோர் அவ்வளவு உயரம் ஏற வேண்டுவதும் இல்லை. ஆகவே உயிரெழுத்துகள் தப்பிப் பிழைத்தன. தமிழ் நாடகப் பாடகர் சொல்லைக் காப்பாற்றியது அவர்தம் மனத்திண்மையால் மட்டும் அன்று, கொட்டகையின் அமைப்பும் அதற்கு இடம் கொடுத்தது. இடம் கொடுத்ததை முழுமையாகப் பயன்கொண்டவர் அம்மையார்.

இனிச் சற்றுக் கடினமான ஒரு பொருளுக்கு வருகிறோம். கிட்டப்பா மறைந்தபோது அம்மையாருக்கு வயது இருபத்தைந்து. அன்று முதல் வண்ண ஆடையையும் அணிகலன்களையும் துறந்தார். ஆடவருடன் இணைந்து காதல் வேடம் புனைவதை விட்டார். மணவாழ்வில் அவர் பட்ட துயரங்களைக் கிட்டப்பாவுக்கு அவர் எழுதிய கடிதங்களால் அறிகிறோம். அவை நூலேறியிருப்பதால் ஈண்டு விரிக்கவில்லை. நம் பத்திரிகைகளும் மேடைப் பேச்சாளர்களும் அந்த வெள்ளாடையைக் கற்பின் கொடியாக உயர்த்திப் பிடித்தனர். அவ்வுறுதியின் முன் நாமும் தலைவணங்குகிறோம். ஆனால் திறனாய்வாளன் வேறொன்றையும் கேட்க வேண்டியவன். அந்த நோன்பு கலைக்கு என்ன விலை கேட்டது?

கணக்குப் பாருங்கள். எழுத்தர் தொழில் செய்யும் நமக்குக் கணக்கு எளிது. 1935இல் 'நந்தனார்' படம். ஆண் அடியவர் வேடம். 1940இல் 'மணிமேகலை', காதலை மறுத்துத் துறவு பூண்டவள். 1953இல் 'ஔவையார்'. 1964இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள். 1965இல் 'திருவிளையாடல்', மீண்டும் ஔவை. 1973இல் 'காரைக்கால் அம்மையார்'. கணவன் கைவிட்டபின் பேயுருவை வேண்டிப் பெற்றவள். வரிசையைப் படித்தால் ஓர் உண்மை கண்ணில் அறைகிறது. இல்லறத்துக்குள் நிற்கும் பெண் ஒருத்தியும் இதில் இல்லை. இருபத்தைந்து வயது வரை கொழும்பிலும் மதுரையிலும் தினைப்புனம் காத்த வள்ளி அதன்பின் ஒருபோதும் திரும்பி வரவில்லை. திருமணப் பேச்சிலிருந்து தப்புவதற்காக விநாயகரை வேண்டி இளமையிலேயே முதுமையைப் பெற்றாள் ஔவை என்பது கதை. ஜெமினி நிறுவனத்தார் எடுத்த 'ஔவையார்' படத்திலும் அக்காட்சி உண்டு. அம்மையார் வரலாற்றை அறிந்தவர் அக்காட்சியைக் கதையாக மட்டும் பார்க்க முடியாது. மேலே சொன்ன செருமானியப் பாடகி 'பறக்கும் டச்சுக்காரன்' ஓபராவில் காதலுக்காக உயிர்விடும் இளநங்கை சென்டாவாக முதன்முதல் தோன்றியபோது அவருக்கு வயது முப்பத்தெட்டு. அதே முப்பத்தெட்டாம் வயதில் நம் அம்மையாருக்குத் தமிழ்த் திரையுலகம் வைத்திருந்த வேடம் எதுவும் இல்லை. 'மணிமேகலை'க்கும் 'ஔவையாரு'க்கும் இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளைக் குரல் முதிர்ந்து கனிந்த ஆண்டுகள் என்றே நாம் எண்ணுகிறோம்.

அவர் ஏற்ற வேடங்களிலும் எல்லாம் பொன் என்று நாம் சொல்ல மாட்டோம். 'நந்தனார்' படத்துக்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். அந்நாளைய எழுத்தர் ஒருவர் பிறவி முழுவதும் கோப்பு புரட்டினாலும் காண முடியாத தொகை. வேதியராக மகாராஜபுரம் விசுவநாத ஐயரே நடித்தார். இத்தனைக்கும் பிறகு 'ஆனந்த விகடன்' இதழில் கல்கி அவர்கள், படத்தில் பனைமரமும் எருமையும் தாம் நன்றாக நடித்தன என்ற பொருள்படக் கேலி செய்து எழுதினார். அம்மையார் அன்பர்கள் இன்றளவும் இதைப் பொறுப்பதில்லை. நமக்கோ கல்கி கண்டதில் பாதி உண்மை இருக்கும் என்று தோன்றுகிறது. கொட்டகை நடிப்பு தொலைவுக்காக அமைந்தது. கை உயர்ந்தால் கடைசி வரிசைக்குத் தெரிய வேண்டும். முகம் அசைவற்றிருந்தாலும் குரல் அனைத்தையும் சொல்லிவிடும். படக்கருவி நெருங்கி வந்து முகத்தைப் பார்க்கும்போது அங்கே ஒன்றும் நிகழவில்லை என்ற தோற்றம் எழும். கல்கி கண்ணால் எழுதினார். காதுக்கும் பெயர்போன அவர், 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் இசைவாணர்களையெல்லாம் நிறுத்துப் பார்த்த அவர், அம்மையாரின் குரல்நடிப்பை அதே துலாக்கோலில் இட்டு விரிவாக எழுதியிருப்பாரேயானால் நமக்கு ஒரு வாக்னரோ ஒரு பெர்லியோஸோ கிடைத்திருப்பார்.

'ஔவையார்' படத்திலும் இக்குறை உண்டு. கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய அப்படம் பெருமுயற்சி. யானைகளும் கோட்டைகளும் நிறைந்தது. பாட்டுக்குப் பின் பாட்டாக அடுக்கியதால் ஒரு பாட்டு மனத்தில் தங்குமுன் அடுத்தது வந்து அதைத் தள்ளிவிடுகிறது. நடப்பதும் பாடுவதும் வாழ்த்துவதுமாக அம்மையார் ஊர் ஊராகச் செல்கிறார். உள்ளப் போராட்டத்துக்கு இடமே இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ஏ. பி. நாகராசன் 'திருவிளையாடல்' எடுத்தபோது அதே ஔவைக்குச் சில நிமிடங்களே கொடுத்தார். அச்சில நிமிடங்கள் முழு நீளப் படத்தை வென்றன. காரணம் வெளிப்படை. அங்கே எதிரே ஒருவன் நிற்கிறான். கோபித்துக்கொண்டு மலையேறிவிட்ட குழந்தை. ஔவைக்கு அவனைத் தேற்ற வேண்டும், கண்டிக்க வேண்டும், அவன் தெய்வம் என்பதால் வணங்கவும் வேண்டும். மூன்று நிலைகளையும் ஒரே பாட்டில், உடல் அசையாமல், குரலின் ஏற்றத்தாழ்வு ஒன்றாலேயே அம்மையார் நிகழ்த்துகிறார். உச்சியில் அழைத்துவிட்டு உடனே தாழ்ந்து பேச்சுக்கு நெருங்கி வரும் இடத்தைக் கேளுங்கள். பாட்டியொருத்தி பேரனின் தாடையைப் பிடித்துப் பேசும் தொனி அது. 'வள்ளி திருமணம்' மேடையில் கற்ற சொற்போர், வேறு வேடத்தில், முப்பது ஆண்டு கடந்து மீண்டு வந்தது என்றே கொள்ளலாம். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தேழு.

மராட்டிய மண்ணில் வாழும் நாம் அண்டை வீட்டாரையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தல் நன்று. 1880இல் அண்ணாசாகேப் கிர்லோஸ்கர் 'சாகுந்தலம்' இயற்றி மராட்டிய இசைநாடகத்துக்கு வழிகோலினார். அம்மரபின் ஒப்பற்ற நடிகர் பால கந்தர்வர் (1888–1967). அவர் ஆடவர், மேடையில் பெண் வேடம் புனைந்தவர். நம் அம்மையார் பெண்ணாயிருந்தும் நந்தனாராக நடித்ததை இதனோடு சேர்த்து எண்ணுக. 1921 ஜூலையில் திலகர் சுயராச்சிய நிதிக்காகப் பால கந்தர்வரும் கேசவராவ் போசலேயும் இணைந்து இதே பம்பாயில் 'மானாபமான்' நடித்தனர். அம்மையாரோ சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் காங்கிரஸ் மேடைகளில் பாடி ஊர் ஊராக மக்களைத் திரட்டினார். பின்னாளில் சென்னைச் சட்ட மேலவையிலும் அமர்ந்தார். இரு கலைஞரும் ஒரே காலத்தின் பிள்ளைகள். உறவு இன்னும் நெருக்கமானது. பம்பாய்ப் பார்சி நாடகக் குழுவினர் தென்னாட்டுக்கு வந்து தீட்டிய திரைகளையும் மெட்டுகளையும் அங்கே விட்டுச் சென்றனர். பழைய தமிழ் நாடகப் பாட்டுப் புத்தகங்களில் 'பார்சி மெட்டு' என்ற குறிப்பை இன்றும் காணலாம். நாம் பிழைப்பு நாடி இந்நகருக்கு இரயிலேறும் முன்பே இந்நகரின் மெட்டு நம் ஊர்க் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

ஒற்றுமை இவ்வளவோடு நின்றுவிடுகிறது. பால கந்தர்வர் மேடையில் பாடிய நாட்டியப் பதங்களைப் பின்வந்த மராட்டிய நாட்டு இசைவாணர்கள் தம் கச்சேரிகளில் தலைமேல் தாங்கினர். பீம்சேன் ஜோஷி பாடினார். குமார கந்தர்வர் பால கந்தர்வரைப் பற்றித் தனி நிகழ்ச்சியே அமைத்தார். வசந்தராவ் தேஷ்பாண்டே பாடினார். நாடகப் பாட்டு என்பதால் தீட்டு ஒட்டிக்கொள்ளும் என்று அவர்கள் அஞ்சவில்லை. 1968இல் புனே நகரில் பால கந்தர்வர் பெயரால் அரங்கமும் திறந்தனர். நம்மிடம் நடந்தது வேறு. சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டும் கிட்டப்பாவின் பாட்டும் சுந்தராம்பாளின் பாட்டும் சபைகளின் வாயிற்படிக்கு வெளியே நிறுத்தப்பட்டன. மாதுங்காவில் 1952இல் தோன்றிய சண்முகானந்த சபையின் மண்டபத்தில், 1963இல் அது திறந்த நாள் தொட்டு நம்மவர் கேட்ட கச்சேரிகள் எண்ணற்றவை. அண்மைக் காலத்தில் தென்னாட்டு வித்துவான்கள் கச்சேரியின் பிற்பகுதியில் மராட்டிய அபங்கங்களை விரும்பிப் பாடுகின்றனர். அவை எழுந்ததும் அவை முழுவதும் கைத்தாளம் போடுகிறது. நமக்கும் அதில் மகிழ்ச்சியே. ஆனால் அதே துக்கடா வரிசையில் 'வள்ளி திருமண'ப் பாட்டு ஒன்று வந்து நாம் கேட்டதில்லை. விருந்தாளிக்குப் பந்தி விரித்தவர் வீட்டுப் பாட்டியை அடுக்களையிலேயே உட்கார வைத்த கதைதான் இது.

இதற்குச் சாதி ஒரு காரணம், கொட்டகைக்கு ஏற்பட்டிருந்த இழிபெயர் ஒரு காரணம். இலக்கணக் காரணம் ஒன்றும் உண்டு. கச்சேரி மரபு சொல்லைவிடச் சுரத்தை முன்வைப்பது. தெலுங்குப் பாடலின் பொருள் அறியாமலே இராகத்தில் திளைக்கப் பழகிய செவிக்கு, ஒவ்வொரு சொல்லும் கதவைத் தட்டி உள்ளே வரும் பாட்டு சற்றுத் தொல்லையாகவே தோன்றும். 1943இல் தமிழிசைச் சங்கம் தோன்றிப் பாட்டின் மொழியைப் பற்றி வழக்காடியது, வெற்றியும் பெற்றது. மொழி தமிழானால் போதுமா, சொல் கேட்க வேண்டாமா என்ற இரண்டாவது கேள்வி அவ்வளவு உரக்கக் கேட்கப்படவில்லை. மராட்டியும் இந்தியும் பள்ளியில் கற்று, வீட்டில் மட்டும் தமிழ் கேட்டு வளரும் நம் பிள்ளைகளுக்கு இக்கேள்வி ஏட்டுக் கேள்வி அன்று. எழுத்தறியாத ஒரு பிள்ளை பாட்டைக் கேட்டே அதன் சொற்களைத் திருத்தமாக எழுத முடியுமாயின், அது அம்மையாரின் பாட்டாகத்தான் இருக்கும். இரண்டு வீடுகளில் இதைச் செய்து பார்க்கச் சொன்னோம். பிள்ளைகள் றகர ரகரத்தைக்கூடப் பெரும்பாலும் பிழையின்றிப் பிரித்து எழுதினர்.

விருதுகளைப் பற்றி ஒரு சொல். 1970இல் பத்மஸ்ரீ வந்தது. 1969இல் வெளிவந்த 'துணைவன்' படப் பாட்டுக்காக இந்திய அரசு அவருக்குச் சிறந்த பின்னணிப் பாடகி என்ற தேசிய விருதை அளித்தது. விருதுப் பட்டியலில் வேறு தலைப்பு இல்லாமையால் அப்பெயர் அமைந்தது. அரசுப் படிவங்களின் இயல்பை நாம் அறிவோம். ஆயினும் நகைப்பு வருகிறது. ஒருவர் பாட மற்றொருவர் வாயசைக்கும் முறை வேரூன்றிய காலத்தில், தாமே தோன்றித் தம் குரலிலேயே பாடும் பழைய மரபின் கடைசிப் பெருந்தூண் அவர். பின்னணி என்ற சொல்லுக்கே எதிர்ச்சொல்லாக நின்றவருக்குப் பின்னணிப் பாடகி என்ற பட்டம்!

அம்மையார் 1980இல் மறைந்தார். அவர் இளமையில் கொடுத்த இசைத்தட்டுகளும் முதுமைப் பாட்டுகளும் இன்று கைப்பேசித் திரையிலேயே கிடைக்கின்றன. அடுத்தடுத்து வைத்துக் கேட்பவர்க்கு ஒரு மாறுதல் புலப்படும். பழைய தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும். அதற்குள் விருத்தமும் பாட்டும் முடிய வேண்டும் என்பதால் இளம்பெண் ஓடுகிறாள். பிருகாக்கள் பொறிபோல் உதிர்கின்றன. திறமையைக் காட்டும் ஆசையும் தெரிகிறது. 'காரைக்கால் அம்மையார்' படத்தில் அறுபத்தைந்து வயதை எட்டிய குரலில் அப்பொறிகள் பெரும்பாலும் அடங்கிவிட்டன. மூச்சு குறுகியதால் அடிகளைச் சிறு சிறு துண்டுகளாகப் பகுத்துக்கொள்கிறார். பகுத்த இடங்களைக் குறித்துக்கொண்டு பாருங்கள். ஒவ்வொரு துண்டும் சொல் முடியும் இடத்திலேயே முடிகிறது.